பெயர் சொல்லி அழைத்தல்: தமிழ்க் கிறித்தவர் பெயர்களும் தன்னடையாளமும்



ஜொகூர் மாநிலத்துத் தமிழ்ப்பள்ளிகளின் வருகைப் பதிவேடுகளில் முருகையனும் கலைச்செல்வியும் இடம்பெறுவது போலவே சவரிமுத்துவும் ஆரோக்கியமேரியும் சந்தியாகுவும் இடம்பெறுகின்றனர். முன்னைய பெயர்களைக் கேட்டவுடன் தமிழ்ப்பெயர் என்கிறோம். பின்னைய பெயர்களைக் கேட்கும்போது நம்மில் பலருக்குச் சிறு தயக்கம் தோன்றுகிறது. 'இவை தமிழா, அயலா?' என்பதே அந்தத் தயக்கம். அப்பெயரைத் தாங்கிய பிள்ளையிடம் 'உன் பெயருக்கு என்ன பொருள்?' என்று கேட்டால், பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. தன் பெயரின் பொருளை அறியாத பிள்ளை, அப்பெயரைப் பிறர் அயலெனக் கூறும்போது மறுத்துரைக்கவும் இயலாது நிற்கிறது. ஆகவே இவ்வுரையின் பொருள் சமயம் மட்டுமன்று. மொழியும் மனிதத் தன்மதிப்பும் ஆகும்.

மறைநூலில் பெயர்

எபிரேய மரபில் பெயர் என்பது வெறும் அடையாளக் குறியன்று. ஒருவர் மேற்கொள்ளும் பணியையும் அவர் பெறும் உறவையும் அது சுட்டும். தொடக்கநூலின் 17-ஆம் அதிகாரத்தில் ஆபிராம் ஆபிரகாம் ஆகிறார். சாராய் சாரா ஆகிறார். 32-ஆம் அதிகாரத்தில் இரவெல்லாம் போராடிய யாக்கோபு இசுரயேல் எனும் பெயரைப் பெறுகிறார். நற்செய்தியில் மீனவரான சீமோன், பாறை எனப் பொருள்படும் கேபா அல்லது பேதுரு எனும் பெயரால் அழைக்கப்படுகிறார். ரூத்து நூலில், கணவரையும் மைந்தரையும் இழந்த நகோமி, 'இனிமை' எனும் பொருளுடைய தம் பெயரை விடுத்துக் 'கசப்பு' எனும் பொருளுடைய மாரா எனும் பெயரால் தம்மை அழைக்குமாறு ஊராரை வேண்டுகிறார். துயரம் மனிதரின் பெயரையே மாற்றிவிடும் என்பதை அந்நூல் அறிந்திருக்கிறது.

இங்குப் பரவலான ஒரு கருத்தை ஆராய வேண்டும். சவுல் மனம் மாறிய அன்றே பவுல் எனப் பெயர் மாறினார் என்று பலர் கூறுவர். திருத்தூதர் பணிகள் நூலைக் கூர்ந்து நோக்கினால் அவ்வாறு இல்லை. மனமாற்றத்திற்குப் பின்னும் அவர் சவுல் என்றே அழைக்கப்படுகிறார். 13-ஆம் அதிகாரத்தில்தான் சவுலுக்குப் பவுல் எனும் பெயரும் உண்டு என்னும் குறிப்பு வருகிறது. யூதச் சூழலில் எபிரேயப் பெயர், உரோமைச் சூழலில் இலத்தீன் பெயர் என இரண்டையும் ஒருவரே தாங்கினார். ஒன்றை அழித்து மற்றொன்று எழவில்லை.

மற்றொரு சான்று உரோமையர் திருமுகத்தின் 16-ஆம் அதிகாரம். அங்கு வாழ்த்துப் பெறும் தொடக்கக்காலக் கிறித்தவர்களுள் ஒருவர் பெயர் எர்மசு. அது கிரேக்கத் தெய்வம் ஒன்றின் பெயரே. பெபேயி எனும் பெண்மணியின் பெயரும் கிரேக்கத் தெய்வ வழிபாட்டோடு தொடர்புடையது. திருமுழுக்குப் பெற்றபின்னும் அவர்கள் பெற்றோர் இட்ட பெயராலேயே வாழ்ந்தனர். பெயரை மாற்றினால்தான் கிறித்தவர் ஆகலாம் என்னும் விதி தொடக்கத்தில் இருந்ததில்லை. புனிதர் பெயரை இடும் வழக்கம் பின்னாளில் வேரூன்றியது. 1917-ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் கிறித்தவப் பெயரை வலியுறுத்தியது. பெற்றோர் வேறு பெயரை விரும்பினால் அதனோடு புனிதர் பெயர் ஒன்றைச் சேர்த்து இரண்டையும் பதிவேட்டில் எழுதுமாறு பங்குக் குருவைப் பணித்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டமோ, கிறித்தவ உணர்வுக்கு அயலான பெயர் இடப்படாதவாறு பார்த்துக்கொள்ளுமாறு மட்டுமே கூறுகிறது. அன்பரசனும் மலர்விழியும் இன்று திருமுழுக்குத் தொட்டியண்டை ஐயமின்றி ஒலிக்கலாம்.

ஒரு பெயர், நான்கு வழிகள்

அயற்பெயர் தமிழுக்குள் நுழைந்த வழிகளை ஒரே பெயரைக் கொண்டு விளக்கலாம். இயேசுவின் வளர்ப்புத் தந்தையின் பெயரை எடுத்துக்கொள்வோம். தமிழில் அவர் சூசை, யோசேப்பு, வளன், ஜோசப் என நான்கு வடிவங்களில் வழங்குகிறார்.

சூசை செவிவழி வந்தது. போர்த்துக்கேயர் தம் மொழியில் ஒலித்ததைக் கடற்கரைத் தமிழர் கேட்டவாறே தமிழொலிக்குள் அடக்கிக்கொண்டனர். யோசேப்பு நூல்வழி வந்தது. மறைநூல் மொழிபெயர்ப்பாளர்கள் மூலமொழி வடிவத்தைத் தழுவி எழுதினர். வளன் பொருள்வழி வந்தது. யோசேப்பு எனும் எபிரேயப் பெயர் 'அவர் மேலும் கூட்டித் தருவாராக' எனும் கருத்துடையது. அக்கருத்தை உட்கொண்டு வீரமாமுனிவர் தேம்பாவணிக் காப்பியத் தலைவனுக்கு வளன் எனப் பெயரிட்டார். ஜோசப் ஆங்கில ஆட்சிவழி வந்தது. ஆக, செவி, நூல், பொருள், ஆட்சி என்பன நான்கு வழிகள். தமிழ்க் கிறித்தவர் பெயர்களுள் பெரும்பாலானவற்றை இந்நான்கனுள் அடக்கலாம்.

செவிவழி வந்தவற்றுள் சந்தியாகு சுவையானது. யாக்கோபு எனும் எபிரேயப் பெயர் ஐபீரிய நாட்டில் யாகோ எனத் திரிந்து, 'புனித' எனும் அடைமொழியோடு ஒட்டிச் சந்தியாகோ ஆயிற்று. ஆகவே யாக்கோபு, யாகப்பன், சந்தியாகு, ஜேம்ஸ் ஆகிய நால்வரும் ஒரே பெயரினர். செபஸ்தியான் எனும் பெயர் போர்த்துக்கேயர் நாவில் முதலசை குறைந்து வழங்க, யாழ்ப்பாணத்தில் வஸ்தியாம்பிள்ளை பிறந்தார். அதே பெயர் ஆங்கில வடிவில், ஜொகூர் பாருவில் 1951-இல் பிறந்து 2023-இல் கர்தினாலாக உயர்ந்த செபஸ்தியன் பிரான்சிஸ் அவர்களிடம் விளங்குகிறது. சவேரியார் பெயருக்குள் உறைவது பாசுக்கு மொழி. 'புது வீடு' எனும் பொருளுடைய ஊர்ப்பெயர் அது. அவ்வூரில் பிறந்த பிரான்சிஸ் 1542-இல் முத்துக்குளித்துறைக்கும் 1545-இல் மலாக்காவுக்கும் வந்தார். அயல்நாட்டு ஊர்ப்பெயர் ஒன்று 'முத்து' எனும் தமிழ்ச்சொல்லோடு கூடிச் சவரிமுத்து ஆனது. அதனை அயல் என்பதா, தமிழ் என்பதா? முன்பாதி வந்தது, பின்பாதி இங்கிருந்தது, சேர்க்கை தமிழனுடையது.

பொருள்வழிப் பெயர்கள் இன்னும் ஆழமானவை. யோவான் என்பதன் பொருள் 'ஆண்டவர் அருள்கூர்ந்தார்' என்பது. அதனால் அவர் அருளப்பர் ஆனார். தேம்பாவணியில் திருமுழுக்கு யோவான் கருணையன் என வழங்கப்பெறுகிறார். 1693-இல் ஓரியூரில் உயிர்நீத்த ஜான் தெ பிரித்தோ அருளானந்தர் எனப்பட்டார். பவுல் எனும் இலத்தீன் பெயர் 'சிறியவர்' எனப் பொருள்படும், அவரே சின்னப்பர். இனி அன்னாள் எனும் பெயரைக் காண்போம். ஆண்டுதோறும் சூலைத் திங்களில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு இத்தென்கோடியிலிருந்தும் மக்கள் செல்கின்றனர். அப்பெயருக்கும் அருள் என்பதே பொருள். யோவான் பிறந்த அதே எபிரேய வேரிலிருந்தே அதுவும் பிறந்தது. தமிழ்ச் செவியோ அதனை அன்னை எனும் சொல்லோடு இணைத்து அணைத்துக்கொண்டது. அருளப்பனும் அன்னம்மாளும் ஒருவேர்ச் சொற்கள் என்பதை அறியும் மாணவர், தம் பாட்டன் பாட்டியர் பெயர்களை இனி வேறு கண்ணால் காண்பர்.

வடசொல்லைத் தமிழ் எழுத்துக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளலாம் எனத் தொல்காப்பியம் எச்சவியலில் வழிவகுத்தது. ரகரமும் லகரமும் சொல்லுக்கு முதலில் வாரா எனும் மரபினாலேயே இராயப்பரும் இலாசரும் இகரம் பெற்றனர். அயலொலி தமிழ் மரபுக்குப் பணிந்த இடங்கள் இவை. அவ்விடங்களில் நம் முன்னோர் இலக்கணம் கற்றவராயினும் கல்லாதவராயினும் மொழியின் இயல்பை விட்டுக்கொடுக்கவில்லை.

தேவசகாயம்: ஒரு பெயரின் வரலாறு

பெயரும் தன்னடையாளமும் ஒன்றோடொன்று மோதிய வரலாற்றுக்கு ஒருவர் வாழ்வே போதும். 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். அவருக்கு இடப்பட்ட பெயர் இலாசர். 'கடவுள் உதவினார்' எனும் அதன் பொருள் சொல்லுக்குச் சொல் பெயர்க்கப்பட்டுத் தேவசகாயம் ஆயிற்று. அவர் மனைவி பார்கவி அம்மாள் தெரேசா எனும் பெயர் பெற்று ஞானப்பூ என வழங்கப்பெற்றார். தேவசகாயம் சிறைப்பட்டுத் துன்புற்று, 1752-இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் கொல்லப்பட்டார்.

2022 மே 15-ஆம் நாள் உரோமையில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். அதற்கு முன் ஒரு வினா எழுந்தது. பல ஆண்டுகளாக அவர் பெயர் 'தேவசகாயம் பிள்ளை' என்றே எழுதப்பட்டு வந்தது. சாதி வேறுபாடு பாராது எல்லாரோடும் பழகியவரின் பெயரில் சாதிப்பட்டம் ஒட்டியிருத்தல் தகுமா என்று பலர் முறையிட்டனர். அப்பட்டத்தை நீக்க வத்திக்கான் இசைந்தது. புனிதர் பட்டியலில் அவர் தேவசகாயமாகவே ஏறினார்.

வரலாற்று ஆவணத்தில் உள்ள பெயரைப் பின்வந்தோர் திருத்தலாமா என்று கேட்பாரும் உளர். அக்கேள்வியைப் புறந்தள்ள வேண்டுவதில்லை. ஆவணத்தில் உள்ளதை ஆவணமாகவே காக்க வேண்டும். 'பிள்ளை' எனும் சொல் அக்காலச் சமூக நிலையை அறிவிக்கும் சான்று. ஆனால் வழிபாட்டில் அழைக்கும் பெயர் ஆவணமன்று. அது ஒரு சமூகம் தன் இலக்கைத் தானே உரைப்பது. அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்து ஆலயத்தில் பின்னாளில் சாதிகளைப் பிரிக்கும் சுவர் எழுந்து, 1910-இல் இடிக்கப்பட்டது. சுவரை இடித்த ஊருக்குப் பெயரிலிருந்த சுவரையும் நீக்க நூறாண்டுக்கு மேலாயிற்று. பெயர் மாற்றம் எளிது எனக் கருதுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். புதிய பெயர் பெற்றும் பழைய ஏற்றத்தாழ்வு தொடர்ந்தது. பெயர் மாறினால் வாழ்வும் மாற வேண்டும் என்பதே திருமுழுக்கின் கருத்து.

இட்ட பெயரும் ஏற்ற பெயரும்

பெயர் அன்பினால் இடப்படுவதும் உண்டு. ஆட்சியினால் இடப்படுவதும் உண்டு. தானியேல் நூலின் தொடக்கத்தில், நாடு கடத்தப்பட்ட யூத இளைஞர் நால்வருக்குப் பாபிலோனிய அரண்மனை அலுவலர் புதுப்பெயர்கள் இடுகிறார். அது அழைப்பன்று, உடைமைக் குறி. முத்துக்குளித்துறைப் பரதவர் 1530-களில் திருமுழுக்குப் பெற்றபோது பர்னாந்து, மச்சாது, மிராந்தா, கோமஸ் முதலிய போர்த்துக்கேயக் குடிப்பெயர்கள் அவர்களிடம் வந்து சேர்ந்தன. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1823-இல் தொடங்கி 1855 வரை நடந்த அமெரிக்க மிசன் செமினரியிலும் அதனைச் சார்ந்த பள்ளிகளிலும் பயின்ற மாணவர்க்கு, உதவித்தொகை வழங்கிய அமெரிக்கர்களின் பெயர்கள் இடப்பட்டன. கறல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை ஆகியோர் அவ்வாறு பெயர் பெற்றவர்கள். ஆனால் இப்பெயர்களின் அமைப்பைக் கவனியுங்கள். புரவலர் பெயர் முன்னே நிற்கிறது. தமிழ்ப் பெயர் அழியாமல் பின்னே நிற்கிறது. அவர்களோ தமிழுக்கு நூல்கள் ஆக்கினர். 1886-இல் வெளிவந்த பாவலர் சரித்திர தீபகத்தைத் தந்தவர் ஆர்னல்டும் ஆவார், சதாசிவம்பிள்ளையும் ஆவார்.

1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்ற கிருஷ்ணபிள்ளை ஹென்றி ஆல்பிரட் எனும் பெயரை ஏற்றும் கிருஷ்ணபிள்ளை எனும் பெயரை விடவில்லை. இரட்சணிய யாத்திரிகம் எனும் கிறித்தவக் காப்பியத்தின் முகப்பில் கண்ணனின் பெயர் நிற்பதை எவரும் முரணாகக் கருதவில்லை. எர்மசும் பெபேயியும் தத்தம் பெயரோடு வாழ்ந்ததன் தொடர்ச்சியே அது. மொழிஞாயிறு பாவாணரோ தேவநேசன் எனும் தம் பெயரைத் தேவநேயன் ஆக்கிக்கொண்டார். நேசம் நேயமாயிற்று, பொருள் மாறவில்லை.

இந்நாட்டுக்கு மிக நெருக்கமானவர் தனிநாயகம் அடிகளார். யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பகுதியில் 1913-இல் பிறந்த அவருடைய இயற்பெயர் சேவியர் நிக்கலஸ் ஸ்தனிஸ்லாஸ். குருவான பின் வடக்கன்குளத்துப் பள்ளியில் ஆசிரியப் பணியாற்றினார். தமிழை ஆழ்ந்து கற்கத் தொடங்கியபின் தம் முன்னோர் மரபுப் பெயரான தனிநாயகம் என்பதை ஏற்றுக்கொண்டார். 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய இயல் துறைக்குத் தலைமை தாங்கினார். 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டினார். அவர் சேவியரைத் துறந்து தனிநாயகம் ஆகவில்லை; சேவியர் தனிநாயகம் ஆனார். பாசுக்கு நாட்டு ஊர்ப்பெயரும் ஈழத் தமிழ்ப்பெயரும் ஒருவரிடம் உடன் வாழ்ந்தன. சவுல் எனும் பவுலைப் போன்றே அவரும் இரு பெயரையும் இரு வாசல்களாக்கினார். கிறித்தவ நம்பிக்கை தன்னடையாளத்தைப் பறிப்பதன்று, அதனை மீட்டுத் தருவதும் உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தோட்டத்துப் பதிவேடும் திருமுழுக்குப் பதிவேடும்

இனி நம் மண்ணுக்கு வருவோம். ஜொகூரின் பால்மரத் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடப்பட்டது. செக்ரோலில் கிராணி எழுதியதே பெயர். அவர் செவிக்கு எட்டியவாறும் அவர் கை எழுதியவாறும் ஆரோக்கியசாமிகளும் இராயப்பன்களும் உரோமன் எழுத்தில் பல உருவங்கள் பெற்றனர். தந்தை பெயர் ஓர் எழுத்துக்கோவையிலும் மகன் பெயர் வேறோர் எழுத்துக்கோவையிலும் அமைந்த குடும்பங்கள் உண்டு. பின்னர் அடையாள அட்டை வந்தது. 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரம்புவான்' என்னும் மலாய்ச் சொற்கள் பிள்ளையையும் தந்தையையும் இணைத்தன. பர்னாந்தஸ் எனும் குடிப்பெயருக்கும் 'பர்னாந்துவின் மகன்' என்பதே பொருள் என்பதை இங்கு ஒப்பிடலாம். தந்தை வழியே மகனை அறிதல் மொழிதோறும் உள்ளது.

செக்ரோலில் பெயர் கூப்பிடப்படுவதற்கும் திருமுழுக்கில் பெயர் சொல்லி அழைக்கப்படுவதற்கும் வேறுபாடு உண்டு. முன்னது ஆள் வந்தாரா, கூலி உண்டா என்பதற்கான கணக்கு. பின்னதில் பங்குக் குரு முதலில் பெற்றோரை நோக்கி, இக்குழந்தைக்கு என்ன பெயர் இடுகிறீர்கள் என வினவுகிறார். விடை பெற்றோர் வாயிலிருந்தே வர வேண்டும். கங்காணியும் கிராணியும் பெயரைத் தீர்மானித்த உலகில், தோட்டத் தொழிலாளி ஒருவர் தம் குழந்தையின் பெயரைத் தம் நாவால் அறிவிக்க, அது வினவப்பட்டு, கேட்கப்பட்டு, எழுதப்பட்ட இடம் அது. அழைப்பவர் பெயரை அறிந்திருக்கிறார் எனும் எசாயாவின் உறுதிமொழியும், கல்லறைத் தோட்டத்தில் 'மரியா' எனும் ஒரே சொல்லால் ஆண்டவரை அடையாளங்கண்ட மகதலா மரியாவின் நிகழ்வும் அத்தகைய மக்களுக்கு நூற்செய்தியாக மட்டும் இருந்திருக்க முடியாது.

இன்று நம்முன் உள்ள கடமை

பெயரின் பொருள் மறையும் காரணங்கள் இரண்டு. ஒன்று, ஆங்கில வடிவங்களின் பெருக்கம். மற்றது நம் திருச்சபைகளுக்குள்ளேயே நிகழ்ந்தது. 1995-இல் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தபோது யோவான், பேதுரு, பவுல் எனும் வடிவங்கள் இரு சபையார்க்கும் பொதுவாயின. சபை ஒற்றுமைக்கு அது நல்ல வழி. அதனை நாம் வரவேற்கிறோம். எனினும் சின்னப்பன் எனும் சிறுவன் வழிபாட்டில் பவுலின் திருமுகத்தைக் கேட்கும்போது அது தன் பெயருக்குரியவரின் கடிதம் என்பதை அறிய வழியில்லாமல் போயிற்று. பொது வடிவம் ஏற்றதோடு பழைய வடிவத்தின் பொருளையும் கற்பித்திருந்தால் இழப்பு நேர்ந்திராது. இன்னும் காலம் கடந்துவிடவில்லை.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயரியலை ஒரு பாடவேளையேனும் வகுப்பில் நடத்துங்கள். முருகையனின் பெயரையும் சவரிமுத்துவின் பெயரையும் ஒரே கரும்பலகையில் எழுதிப் பகுத்துக் காட்டுங்கள். முத்து, சாமி, அப்பன், அம்மாள், நாதன் என்னும் ஈறுகள் இருசாராரின் பெயர்களிலும் ஒன்றாகவே வருவதைப் பிள்ளைகளே கண்டுகொள்வர். ஒரு பிள்ளையின் பெயரைச் சரியாக ஒலிப்பது அப்பிள்ளைக்கு நாம் செய்யும் முதல் மரியாதை.

மாணவர்களுக்கும் ஒன்று கூறுவோம். உங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறைப் பெயர்களை எழுதுங்கள். வீட்டில் அழைத்த பெயர், திருமுழுக்கில் பெற்ற பெயர், அடையாள அட்டையில் உள்ள பெயர் என மூன்று பத்திகள் இடுங்கள். எப்பெயர் செவிவழி வந்தது, எது நூல்வழி, எது பொருள்வழி, எது ஆட்சிவழி எனக் குறியுங்கள். 1972-இல் அமைந்த மலாக்கா-ஜொகூர் மறைமாவட்டத்தின் பங்குகளிலும் பிற சபைகளிலும் உள்ள பழைய பதிவேடுகள், இந்நாட்டுத் தமிழர் வரலாற்றின் எழுத்துச் சான்றுகள். செல்லரித்துப் போகுமுன் அவை படியெடுத்துக் காக்கப்பட வேண்டும். இம்மன்றம் அப்பணியில் திருச்சபைகளோடு கைகோக்கலாம்.

திருவெளிப்பாடு நூலில், வெற்றி பெறுவோர்க்கு வெண்கல் ஒன்று தரப்படும் என்றும், அதில் பொறித்த புதுப்பெயரைப் பெறுவோரே அறிவர் என்றும் ஒரு காட்சி வருகிறது. மனிதரின் முழுமையை எந்தப் பதிவேடும் எழுதி முடிக்கவில்லை என்பதே அதன் உட்பொருள். அந்தப் பெயர் அளிக்கப்படும் வரை, பெற்றோர் ஆய்ந்து இட்ட பெயரைப் பொருளுணர்ந்து தாங்குவோம்; பிறர் பெயரைப் பிழையின்றி அழைப்போம்.